கெர்லிங் ஜீப்பும் நம் ஜீப்பும்

அன்பு மகன் சேகருக்கு,

கடலுக்கு அந்தப் பக்கம் சபாவிலிருந்து நீ போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. புது வேலை, தங்கியிருக்கும் பலகை வீடு, மத்தியானம் தவறாமல் வரும் மழை எல்லாவற்றையும் படித்துச் சந்தோஷப்பட்டோம். ஆனால் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, இடம் போதாமல் நெருக்கி ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அதுதான் என்னைப் பேனாவோடு உட்கார வைத்துவிட்டது. "இங்கே ஒருத்தர் நம்ம ஜீப் மாதிரியே ஒன்று விற்கிறார், அம்மா. அது நல்ல வண்டியா, கெட்ட வண்டியா? நம்பி வாங்கலாமா?" உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பேப்பரைக் கீழே இறக்காமலே, "நல்ல காடி. வாங்கச் சொல்லு," என்றார். அவரைப் பொறுத்தவரை பதில் எழுதியாகிவிட்டது. என்னால் அப்படி ஒரு வரியில் சொல்ல முடியாது. அந்த ஜீப்பை ஓட்டியவள் நான். அது ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவளும் நான்தான். அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். மழை பெய்யும்போது உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ அப்போது சுங்கை சோவில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோதெல்லாம் ஜீப்பைப் பார்த்திருக்கிறாய். நான் ஓட்டுவதையும் பார்த்திருக்கிறாய். உன் சேக்காளிகள் யாராவது எதிரே வந்தால் சீட்டில் சரிந்து தலையை மறைத்துக்கொள்வாய். அதைக் கண்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. தோட்டத்தில் பொம்பளை ஒருத்தி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை ஓட்டியதை யாரும் அதுவரை பார்த்ததில்லை, உனக்கு மட்டும் எப்படிப் பழகியிருக்கும்? ஆனால் ஜீப்போடு எங்களுக்கு நடந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் படிப்பு கெடக்கூடாது என்று மீதியை யாரும் சொல்லவில்லை.

அப்பா தோட்டத்து லோரியிலிருந்து விழுந்து இடது முழங்கால் மடங்காமல் போனது உனக்கு நினைவிருக்கும். வேலை போன பிறகு, கையில் கிடைத்ததைக் கொண்டு ரவாங்கில் அந்தப் பழைய ஜீப்பை வாங்கினார். நம் தோட்டத்துப் பிள்ளைகளைக் கோலசிலாங்கூரில் இருக்கும் இடைநிலைப் பள்ளிக்கு ஏற்றிப்போகலாம் என்பது அவர் கணக்கு. மழை பெய்தால் செம்மண் சாலையில் வேன் எதுவும் உள்ளே வராது. ஜீப் வரும். எல்லாம் சரியாக யோசித்தவர், மடங்காத காலால் கிளச்சை அமுக்க முடியாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசித்தும், போகப்போகச் சரியாகிவிடும் என்று நம்பினாரோ என்னவோ. ஒரு மாதம் ஜீப் நம் லயத்து வீட்டு வாசலில் சும்மா நின்றது. கோழிகள் ஏறி உட்கார ஆரம்பித்தன. ஒருநாள் நானே சாவியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "சொல்லிக் குடுங்க," என்றேன். அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறினார்.

லைசென்ஸ் எடுத்தேன், பிள்ளைகளை ஏற்றினேன், நன்றாகத்தான் ஓடியது. அப்பாவுக்கு ஜீப்பின் மேல் அப்படி ஒரு பாசம். காலையில் துடைப்பார், சாயங்காலம் துடைப்பார். கிள்ளானுக்குப் போனபோது பளபளவென்று மின்னும் ஒரு பெட்ரோல் டாங்கி மூடி வாங்கி வந்து மாட்டினார். சாவி போட்டுப் பூட்டும் மூடி. தோட்டத்தில் ராத்திரி எண்ணெய் திருடுகிறார்கள் என்று பேச்சு இருந்த சமயம் அது. "இனிமே ஒரு சொட்டு எடுக்க முடியாது," என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பெருமையாகத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஜீப் வழியில் நிற்க ஆரம்பித்தது. மேடு ஏறும்போதோ, சேற்றில் இறங்கும்போதோ நின்றால் ஒரு காரணம் சொல்லலாம். வாய்க்காலை ஒட்டிய நேரான சாலையில், அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, தொண்டையைப் பிடித்தது மாதிரி இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிவிடும். ஒரு வாரம் ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் காலையிலும் நிற்கும், மத்தியானமும் நிற்கும். பெட்ரோல் அளவு காட்டும் முள் வேலை செய்யாததால், நின்றவுடன் நான் இறங்கி மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பேன். தளும்பத் தளும்ப இருக்கும். பிறகு முன்பக்கம் திறந்து, அப்பா சொல்லிக் கொடுத்தபடி அங்கே துடைத்து, இங்கே ஊதி, மறுபடி சாவியைத் திருகினால் கொஞ்சம் அடம் பிடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பள்ளி மணி அடித்து முடிந்திருக்கும்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் கட்டினார். கடைக்காரர் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். சுங்கை சோ ஒர்க்ஷாப்பில் ஆ லெக் என்ற சீனர் பம்பை மாற்றினார், பிளக்கை மாற்றினார், ஓட்டிப் பார்த்தார். "தாக் அடா சாக்கிட் லா," என்று கையை விரித்தார், வண்டிக்கு ஒரு நோயும் இல்லை என்று. அப்பாவுக்கு அது போதும். "நான் சொல்லல? காடில ஒன்னும் இல்ல. நீ கிளச்ச அமுக்கற விதம்தான் சரியில்ல. பொம்பள காலு, பயந்து பயந்து அமுக்குற," என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபத்தைவிட, உண்மையிலேயே நான்தானோ என்ற கேள்விதான் அதிகமாகக் குடைந்தது. அடுத்த நாளெல்லாம் என் காலையே கவனித்துக்கொண்டு ஓட்டினேன்.

இது வெறும் தொந்தரவாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பின்வரிசை லயத்துப் பெருமாளைத் தெரியுமல்லவா, எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவர். அவர் மகள் வசந்தா அப்போது நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அக்கா, கோச்சிக்காதீங்க. பையனுங்கன்னா சைக்கிள்ல போயிருவானுங்க. வயசுப் புள்ள, நடு ரோட்டுல நிக்குது, லோரிக்காரன்லாம் பாத்துட்டுப் போறான். இன்னொரு தடவ நின்னுச்சுன்னா பள்ளிக்கூடமே வேணாம். மண்டோர்கிட்ட சொல்லி, தோட்டத்து வேலைக்கே பேரு பதிஞ்சிர்றேன்."

"பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷந்தானே இருக்கு, பெருமாளு?"

"காடி ஓடணுமே, அக்கா," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் வசந்தா குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அவள் கவனமெல்லாம் எங்கள் பேச்சில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் ஆ லெக்கிடம் போனேன். அங்கே நம் ஜீப் மாதிரியே, அதே நிறத்தில், ஆனால் அழுக்காக ஒன்று நின்றது. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பின்னால் வாழைக்காய் வாசம். அதன் சொந்தக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். பெயர் துரைராஜ், கெர்லிங்காரர், மலைப்பக்கமிருந்து வாழைக்குலை ஏற்றி ரவாங் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர்.

"இத மாதிரி சனியன் புடிச்ச காடி உலகத்துல இல்ல, அக்கா. பிரேக்கு நிக்கவே மாட்டேங்குது. மாத்தி மாத்திக் கை ஓஞ்சு போச்சு."

"பிரேக்கா? எங்க காடிக்கு இதுவரைக்கும் பிரேக்கு தொட்டதே இல்லீங்களே. இதுக்கு இஞ்சினுதான் தகராறு. வழியில நின்னுருது."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "இஞ்சினா? இஞ்சினு சாமி மாதிரியில்ல! நான் வாங்குனதுலேருந்து ஒருநாள் நின்னதில்லியே."

சேகரு, அந்த இடத்தில்தான் தப்பு எதில் என்று கண்டுபிடிக்கும் ஆசை எனக்கு வந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி வண்டி. அவருக்கு இஞ்சின் சாமி, பிரேக் சனியன். எனக்கு நேர்மாறு. அப்படியென்றால் தப்பு வண்டியிலா, சாலையிலா, ஓட்டுகிற காலிலா? வீட்டுக்குப் போய் மூன்று நாள் இதையே யோசித்தேன். குழம்பில் உப்புப் போட்டேனா என்றுகூட மறந்தது. பிறகு ஆ லெக் கடைக்குப் போன் போட்டுத் துரைராஜுக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் வண்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று.

அப்பா குதித்தார். "பொண்டாட்டிய மாத்துவாங்களா, காடிய மாத்துவாங்களா? எவனோ ஒரு வாழக்காக்காரன்கிட்ட என் காடியக் குடுப்பியா?" நான் அமைதியாகச் சொன்னேன். "அவரு காடியும் என் கையில நின்னுச்சுன்னா, தப்பு என் காலுலதான்னு ஒத்துக்கறேன். அப்புறம் நான் ஓட்டல. நிக்கலன்னா நீங்க ஒன்னும் ஒத்துக்க வேணாம், யோசிச்சா போதும்." காலையில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, காப்பி குடிக்கக் கடைக்குப் போய்விட்டார். அதுதான் அவர் சம்மதம் சொல்லும் விதம், உனக்குத் தெரியும்.

துரைராஜும் ஒத்துக்கொள்ள, ஆ லெக் கடையில் வண்டியை மாற்றிக்கொண்டோம். அவர் ஜீப்பில் பிள்ளைகள் முதல்நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். வசந்தா மட்டும் மூக்கைப் பிடிக்காமல் ஏறி, வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாய்க்கால் சாலை வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கவனமாக, வேண்டுமென்றே, எப்போதும் அமுக்குகிற மாதிரியே கிளச்சை அமுக்கினேன். வண்டி போனது. திரும்பி வந்தது. அடுத்த நாளும் போனது. வெள்ளிக்கிழமை வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் திட்டிய பிரேக்கும் நம் மேடில்லாத சாலையில் பூனை மாதிரி சாதுவாக இருந்தது. காலில் தப்பில்லை என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் முழு நிம்மதி இல்லை. அப்படியானால் நம் வண்டிக்கு என்னதான் வந்தது?

சனிக்கிழமை ஒர்க்ஷாப்பில் துரைராஜ் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். என்னைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, உங்க காடி என்னக் கொன்னுருக்கும்! மேட்டுல, முழு லோடோட, பொத்துனு அடங்கிருச்சு. நல்ல வேள, பின்னால யாரும் இல்ல. அப்புறம் உங்க பிரேக்கும் எங்க மலையில புகையுது. அது காடியோட கொணம் இல்ல போல, மலையோட கொணம். சும்மா இத்தன நாளா திட்டிட்டேன்."

"நின்னதும் என்னா செஞ்சீங்க?"

"என்னா செய்யிறது, நீங்க சொன்ன மாதிரி மூடியத் தொறந்து எண்ணயப் பாத்தேன். தொறந்தப்ப 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம். உள்ளாற இழுக்குது, மூச்சு இழுக்கற மாதிரி. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் திறக்கும்போதெல்லாம் பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் லோரி போகும். சத்தம் எங்கே காதில் விழும்? உடனே அவர் ஜீப்பின் டாங்கியைப் போய்ப் பார்த்தேன். அதில் மூடியே இல்லை. எப்போதோ தொலைந்துபோக, பழைய துணியைச் சுருட்டித் திணித்திருந்தார். ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன், அதைக் கண்ணால் பார்த்துமிருக்கிறேன், எதுவும் தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றியது. நம் வீட்டில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து ஊற்றும்போது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடாவிட்டால் ஊற்றாதல்லவா? காற்று உள்ளே போகாமல் எண்ணெய் எப்படி வெளியே வரும்? அந்தத் துணி வழியாகக் காற்று உள்ளே போகும், அப்பா வாங்கி மாட்டிய மூடியோ காற்றுகூட நுழையாத அளவுக்கு இறுக்கமானது. டாங்கி நிறைந்திருக்கும் நாளில் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் மூச்சு முட்டிவிடும். எண்ணெய் குறைந்திருக்கும் வாரத்தில் அவ்வளவு சீக்கிரம் முட்டாது. நின்றபோதெல்லாம் நான் மூடியைத் திறந்ததுதான் வண்டியைப் பிழைக்க வைத்தது. துடைத்ததும் ஊதியதும் எலுமிச்சம்பழமும் இல்லை. ஆ லெக்கும் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக எண்ணெயைத்தான் பார்ப்பார், நோய் அங்கேயே பறந்துவிடும்.

இப்படி நினைத்தேனே தவிர, நினைப்பது மட்டும் போதுமா? ஞாயிற்றுக்கிழமை டாங்கியை நிறைத்து, மூடிக்குப் பதில் துணியை அடைத்துக்கொண்டு, நான் மட்டும் தனியாக வாய்க்கால் சாலையில் போனேன், வந்தேன். நிற்கவில்லை. பிறகு மறுபடி நிறைத்து, துணியை எடுத்துவிட்டு, மூடியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு அதே சாலையில் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நின்றுவிடு, நின்றுவிடு என்று வண்டியைக் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். திரும்பிவரும்போது, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு இருமல் இருமி அடங்கியது. இறங்கி, காதை டாங்கியோடு ஒட்டிவைத்து மூடியின் சாவியைத் திருப்பினேன். ஸ்ஸ் என்றது. நடுச் சாலையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். குலை ஏற்றிக்கொண்டு வந்த லோரிக்காரத் தம்பி நிறுத்தி, "என்னா அக்கா, காடி நின்னுருச்சா?" என்று கேட்டான். "ஆமாப்பா, நின்னுருச்சு!" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் லோரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் ஆசையாக வாங்கி மாட்டியது. கடைசியில் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றி, அதே சாலையில் கூட்டிப்போய், அவர் கண் எதிரே நிற்க வைத்து, மூடியை அவர் கையாலேயே திறக்கச் சொன்னேன். சத்தத்தைக் கேட்டார். மறுபடி மூடி, மறுபடி திறந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டே தோட்டத்துப் பட்டறைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது மூடியின் நடுவில் ஊசித் துளை அளவுக்கு ஒரு ஓட்டை. மாட்டிவிட்டு, "கெளம்பு," என்றார். கோலசிலாங்கூர் வரைக்கும் போனோம். கலங்கரை விளக்க மேட்டைச் சுற்றி, குரங்குகளுக்கு ஒதுங்கி, ஆற்றோரமாகத் திரும்பினோம். தோட்டத்து வளைவு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "கியரு மாத்தறது தெரியவே இல்ல. நல்லாத்தான் ஓட்டுற." அதற்கு மேல் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாளே பெருமாளைத் தேடிப்போய், நடந்ததை முழுக்கச் சொல்லி, "என் மூடியாலதான் நின்னுச்சு. புள்ளைய அனுப்பு," என்று சொன்னவர் அவர்தான். பெருமாள் எங்களிடம் வந்து சொல்லித்தான் அது எனக்கே தெரிந்தது.

வசந்தா அஞ்சாம் பாரம் முடித்தாள். போன வருஷம் ரவாங்கில் ஒரு ஆபீசில் சேர்ந்திருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது, எனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். தோட்டத்துச் சாலையில் கொஞ்சம் ஓட்டினாள், கிளச்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிரை மாதிரி குதிக்க வைத்தாள். பழகிவிடும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். துரைராஜ் போன வருஷம் அந்த ஜீப்பை விற்றுவிட்டார். யார் கேட்டாலும் அந்த வண்டி வேண்டாம், பிரேக்கைத் தின்னும் என்றுதான் இன்னும் சொல்கிறார், மலையின் குணம் என்று அவர் வாயாலேயே சொன்னதை மறந்துவிட்டார். உன் அப்பா நல்ல காடி என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் சாலையைச் சொல்கிறார்கள், அவரவர் சுமையைச் சொல்கிறார்கள். அதனால் உனக்கு விற்கிறவரிடம் நல்லதா கெட்டதா என்று கேட்காதே. எந்தச் சாலையில் ஓட்டினீர்கள், என்ன ஏற்றினீர்கள், எப்போது தகராறு செய்தது, அதற்கு முன்னால் எதைப் புதிதாக மாட்டினீர்கள் என்று கேள். ஒரு தகராறும் கொடுத்ததில்லை என்று சொன்னால் இன்னும் அதிகமாகக் கேள். வெட்கப்படாதே, கேட்பதற்குச் செலவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீ சும்மா வண்டியைச் சுற்றி வந்து பார். கயிறு கட்டிய இடம், துணி அடைத்த இடம், புதிதாக மின்னும் இடம் எல்லாவற்றையும் பார். அங்கேதான் வண்டியின் கதை இருக்கும். நாளைக்கு உன்னோடு வேலை செய்கிறவர்களைப் பற்றி, உனக்கு நாங்கள் பார்க்கப்போகும் பெண்ணைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னாலும், முதலில் இப்படி விசாரித்துவிட்டுத்தான் நம்பு.

நீ எழுதாத சில விஷயங்கள் எனக்குத் தெரிய வேண்டும். அங்கே மண் செம்மண்ணா, கறுப்பு மண்ணா? ஆற்றைப் பாலத்தில் கடக்கிறீர்களா, தண்ணீரிலேயே இறங்கிப் போகிறீர்களா? மேடு எவ்வளவு செங்குத்து? வண்டி வாங்கியதும் முதலில் இவற்றை எழுது. நான் இதுவரை கடல் தாண்டியதில்லை, விமானத்தில் ஏறியதில்லை. அப்பாவுக்குக் கால் ஒத்துழைத்தால் இரண்டு பேரும் வருகிறோம். வந்ததும் எங்களை எந்த இடத்துக்கும் நீ சுற்றிக்காட்ட வேண்டாம். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா